சால்டரை எடுக்க ஏன் சால்டர் வைக்க வேண்டும்?

பழைய சர்க்யூட் போர்டிலிருந்து சிப்பைக் கழற்ற வேண்டுமா? முதலில் அதன் கால்களில் இன்னும் கொஞ்சம் சால்டரை உருக்கி வையுங்கள். கேட்கக் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும்.

ஆண்டுக்கணக்கில் காற்றுப்பட்ட சால்டரின்மேல் ஆக்சைடு படலம் படிந்திருக்கும். அயர்ன் முனையை அழுத்தினாலும் சூடு உள்ளே இறங்காது. புதுக் கம்பியின் நடுவிலுள்ள ஃப்ளக்ஸ் அந்தப் படலத்தைக் கரைக்கும். உருகிய உலோகம் முனையையும் காலையும் நனைத்து, சூட்டுக்கு அகலமான வழி கொடுக்கும். புதுக் கம்பி ஈயம் கலந்ததாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, பெரும்பாலான போர்டுகளில் ஈயமில்லாத சால்டர்தான். அது உருக ஏறத்தாழ 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த கலவைக்கு 183 டிகிரி போதும். இரண்டும் கலந்தால் உருகுநிலை இறங்கும்.

அப்புறம்தான் ஸ்பிரிங் வைத்த சக்கர் பம்ப். ஒவ்வொரு காலாக உருக்கி, உறிஞ்சிக்கொண்டே போகலாம். அடம்பிடிப்பது பெரும்பாலும் கிரவுண்டு கால்தான். போர்டின் அகன்ற செம்புப் பரப்போடு அது இணைந்திருப்பதால், கொடுக்கிற சூட்டையெல்லாம் செம்பு இழுத்துக்கொள்ளும். இங்கே கூர்முனை உதவாது, தடித்த முனையை மாட்டுங்கள்.

சிப் செத்துவிட்டது உறுதியென்றால் இத்தனை பாடு எதற்கு? கட்டரால் கால்களை வெட்டி, துண்டுகளைத் தனித்தனியே உருவிவிடலாம். எப்படிச் செய்தாலும் நெம்பாதீர்கள். சூட்டில் செம்புத் தடத்தைப் பிடித்திருக்கும் பசை தளர்ந்திருக்கும். சிப்போடு தடமும் கிழிந்து வரும்.