ஒரு ரிங்கிட்டின் மறுபக்கம்

மலேசியக் குடிமக்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற 1 ரிங்கிட் செலுத்தினால் போதும். மருத்துவரின் பரிசோதனையும் மருந்தும் அக்கட்டணத்தில் அடங்கும். நிபுணத்துவ மருத்துவரைக் காண 5 ரிங்கிட். ஆனால், இத்தொகை சிகிச்சையின் உண்மையான விலையன்று. மருந்து, கருவிகள், ஊழியர் சம்பளம் ஆகியவற்றின் செலவை அரசாங்கம் பெரும்பாலும் மக்களின் வரிப்பணத்தைக் கொண்டே ஈடுகட்டுகிறது.

தனியார் மருத்துவத்தில் நிலைமை வேறு. அங்குச் செலவை நோயாளியோ அவருடைய முதலாளியோ காப்புறுதி நிறுவனமோ ஏற்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசையில் இருக்கும் தனியார் கிளினிக்கில் பெரும்பாலும் விரைவாக மருத்துவரைக் காணலாம். கிள்ளானில் 1985 முதல் இயங்கும் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனைகளிலோ நெரிசல் அதிகம். ஓரிடத்தில் பணத்தைக் கொடுக்கிறோம். மற்றோரிடத்தில் நேரத்தைக் கொடுக்கிறோம். நாட்கூலித் தொழிலாளிக்கு அந்த நேரமும் பணந்தான்.

அப்படியானால், எல்லாவற்றையும் தனியாரிடமே விட்டுவிடலாமா? கட்டணம் செலுத்தக்கூடியவர்கள் அதிகம் வாழும் இடங்களிலேயே தனியார் மருத்துவமனைகள் பெருகுகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கு அதற்குச் சான்று. சாலை வசதி குறைந்த சரவாக் உட்பகுதி மக்களை நாடி, 1973 முதல் வான்வழி மருத்துவச் சேவையை நடத்தி வருவது அரசாங்கமே.

இவ்விரு துறைகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. அரசாங்க மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் பலர் பின்னர்த் தனியார் துறைக்குச் செல்கின்றனர். இதனால், அரசாங்க மருத்துவமனைகளில் எஞ்சியிருப்போரின் பணிச்சுமை கூடுகிறது. மறுபுறம், தனியார் மருத்துவருக்கும் சில பொதுக் கடமைகள் உண்டு. டிங்கிக் காய்ச்சலைக் கண்டறிந்தால் அவர் சுகாதார அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். ஆபத்தான நிலையில் வருபவருக்குத் தனியார் மருத்துவமனையும் உயிர்காக்கும் அவசரச் சிகிச்சை அளிக்க வேண்டுமென 1998ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 2023இல் தொடங்கப்பட்ட மடானி மருத்துவத் திட்டத்தின்வழி, குறைந்த வருமானம் பெறுவோர் தனியார் கிளினிக்குகளில் சிறு நோய்களுக்குச் சிகிச்சை பெற்றனர். கட்டணத்தை அரசாங்கம் செலுத்தியது.

வருமானத்தைப் பார்த்து நோய் வருவதில்லை. ஆகவே, சிகிச்சையை யார் அளிக்கிறார் என்பதோடு, அதன் செலவை யார் சுமக்கிறார் என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும். இன்று நலமாக இருப்பவர் செலுத்தும் வரி, இன்று நோயுற்றவருக்கு மருந்தாகிறது. அந்த 1 ரிங்கிட் கட்டணத்தின் பின்னால் இருப்பது இந்தப் பகிர்வே.