கௌபாய் வாயில் ஸ்பானியச் சொற்கள்

கௌபாய் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ‘ரான்ச்’, ‘லாஸோ’, ‘ரோடியோ’, ‘மஸ்டாங்’ என்பன பழகிய சொற்கள். அமெரிக்க மண்ணிலேயே பிறந்த ஆங்கிலச் சொற்கள் இவை என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் நான்கும் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை.

டெக்சஸ், கலிபோர்னியா ஆகிய பகுதிகள் முதலில் ஸ்பெயினின் ஆட்சியிலும், 1821க்குப் பிறகு மெக்சிகோவின் ஆட்சியிலும் இருந்தன. அங்கே குதிரையேறி மாடு மேய்த்தவரின் பெயர் ‘வாகேரோ’. ‘வாகா’ என்றால் பசு. 1836இல் டெக்சஸ் பிரிந்தது. போருக்குப் பின் 1848இல் கலிபோர்னியா உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பு அமெரிக்காவின் கைக்குப் போனது. புதிதாகக் குடியேறிய ஆங்கிலம் பேசுவோர், மாட்டுப் பண்ணைத் தொழிலை வாகேரோக்களைப் பார்த்தே கற்றனர். சுருக்குக் கயிறோடு அதன் பெயரும் கைமாறியது. ஆனால், பழைய படங்களில் மெக்சிகோக்காரருக்குப் பெரும்பாலும் கிடைத்தது என்னவோ கொள்ளையன் வேடம்தான்!

காதில் விழுந்தபடியே எடுத்துக்கொண்டதால் சொற்கள் உருமாறின. ஸ்பானியரின் ‘வ’, ‘பஸ்’ என்பதில் வரும் ‘ப’ போல ஒலிக்கும். எனவே ‘வாகேரோ’, ‘பக்கரூ’ ஆயிற்று. ‘ரியாட்டா’ என்றால் கயிறு. அதன் முன்னொட்டான ‘லா’வையும் சேர்த்து விழுங்கி ‘லாரியட்’ என்றார்கள். முதலை இனத்தைக் குறிக்கும் ‘அலிகேட்டர்’ கதையும் இதுதான்: ‘எல் லகார்ட்டோ’, அதாவது பல்லி! சிறைச்சாலையைக் குறிக்கும் ‘ஹூஸ்கவ்’ என்ற கொச்சைச் சொல்லின் மூலம் ‘ஹுஸ்காதோ’. அதன் பொருள் நீதிமன்றம். நீதிமன்றம் எப்படிச் சிறை ஆனது என்பதை அங்கே போய் வந்தவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

பொருள் மாறிய சொல்லும் உண்டு. ‘கெரில்லா’ என்றால் ஸ்பானியத்தில் ‘சிறிய போர்’. நெப்போலியன் படையை ஸ்பெயின் மக்கள் 1808 முதல் மறைந்திருந்து தாக்கியபோது பரவிய இச்சொல், ஆங்கிலத்தில் போரை விட்டுப் போராளியின் பெயராகிவிட்டது.

ஸ்பானியமும் கடன் வாங்கிய மொழியே. 1492இல் கொலம்பஸ் கரிபியத் தீவுகளில் கண்ட தாய்னோ மக்களிடமிருந்து ‘ஹரிகேன்’, ‘கனூ’, ‘பார்பிகியூ’ ஆகியவை ஸ்பானியம் வழியே ஆங்கிலத்துக்கு வந்தன. நோயாலும் கட்டாய உழைப்பாலும் அம்மக்கள் சில பத்தாண்டுகளில் பெருமளவில் மடிந்தனர். அவர்களின் மொழியும் வழக்கொழிந்தது. ‘டொமேட்டோ’, ‘அவகாடோ’ ஆகியவற்றைத் தந்த நாவாட்டில் மொழி தப்பித்தது. மெக்சிகோவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் அதைப் பேசுகின்றனர்.