பெயர்ப் பட்டியல் கேள்விக்குறிகளாக மாறுவது ஏன்?

திட்டக்குடிப் பகுதியில் மாணவர் பெயர்ப் பட்டியலைக் கணினியில் கையாளும் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பவை இரண்டு. “சார், எக்செல்லில் திறந்தால் தமிழ் கிறுக்கலாகத் தெரிகிறது” என்பது ஒன்று. “எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டது” என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே கோளாறு போலத் தோன்றும். ஆனால் முதலாவதில் பெயர்கள் பத்திரமாக இருக்கின்றன, இரண்டாவதில் அழிந்துவிட்டன.

ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ‘அ’வின் எண் 2949. யுடிஎஃப்-8 முறையில் அது 224, 174, 133 என மூன்று பைட்டுகளாகக் கோப்பில் பதிவாகிறது. சிஎஸ்வி கோப்பு எந்த முறையில் எழுதப்பட்டது என்று தெரியாதபோது, எக்செல் பெரும்பாலும் 256 இடங்கள் மட்டுமே கொண்ட பழைய ஐரோப்பிய அட்டவணையை வைத்து ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியாகப் படிக்கும். அதனால் ‘அ’ இருக்கவேண்டிய இடத்தில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, மூன்று புள்ளி ஆகியவை வரும். படிப்பதில்தான் பிழை, பைட்டுகள் மாறவில்லை. சேமிக்காமல் மூடிவிட்டு, ‘டேட்டா’ பகுதியில் உள்ள உரைக்கோப்பு இறக்குமதி வழியாக 65001 யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்து திறந்தால் தமிழ் வந்துவிடும்.

கேள்விக்குறி அப்படியல்ல. தமிழ் சரியாகத் தெரியும் பட்டியலைச் சாதாரண ‘சிஎஸ்வி’யாகவோ, நோட்பேடில் ‘ஆன்சி’ முறையிலோ சேமித்தால், அந்த 256 இட அட்டவணையில் தமிழுக்கு இடமே இல்லாததால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் பதிலாக 63 என்ற ஒரே பைட் எழுதப்படுகிறது. அதுதான் கேள்விக்குறி. ‘குமார்’ ஆறு கேள்விக்குறி, ‘செல்வி’யும் ஆறு. இனி எந்த மென்பொருளாலும் எது யார் என்று சொல்ல முடியாது. வருகைப் பதிவேட்டைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான். சான்றிதழில் அச்சாக வேண்டிய தமிழ்ப் பெயர் இப்படிப் போவது சிறிய விஷயமல்ல.

ஆகவே ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையில் சேமியுங்கள். அப்போது கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் சேரும். இதுவே பைட் வரிசைக் குறி. யுடிஎஃப்-16 முறையில் ‘அ’ 11, 133 என்றும் வரலாம், 133, 11 என்றும் வரலாம். எது முதலில் என்று காட்டப் பிறந்த குறி இது. யுடிஎஃப்-8இல் வரிசைக் குழப்பம் கிடையாது. இங்கே அது வெறும் அடையாள முத்திரை. எக்செல் அதைப் பார்த்தே தமிழைச் சரியாகப் படிக்கிறது.

அதே முத்திரை வேறிடத்தில் தொல்லை தரும். சில மென்பொருள்கள் அதை முதல் தலைப்போடு சேர்த்துப் படித்து, “‘பெயர்’ என்ற பத்தி இல்லை” என்று கோப்பைத் திருப்பி அனுப்பும். கண்ணுக்கு எந்தப் பிழையும் தெரியாது. அப்போது நோட்பேடில் திறந்து, ‘சேவ் ஆஸ்’ பெட்டியில் ‘வித் பாம்’ என்று இல்லாத யுடிஎஃப்-8ஐத் தேர்ந்து சேமித்தால் போதும். 2019க்குப் பிந்தைய விண்டோஸ் 10 பதிப்புகளில், கோப்பு எந்த முறையில் உள்ளது என்பதை நோட்பேடின் அடிப்பட்டையில் வலப்பக்கம் பார்த்துக்கொள்ளலாம்.