உங்களுக்குத் தெரியுமா? ஆசியாவுக்கென்று ஒரு மனித உரிமை நீதிமன்றம் இல்லை!

ஐரோப்பாவுக்கு ஸ்ட்ராஸ்பர்க், அமெரிக்கக் கண்டத்துக்குச் சான் ஹோசே, ஆப்பிரிக்காவுக்கு அருஷா. அங்கெல்லாம் பல நாடுகளுக்குப் பொதுவான மனித உரிமை நீதிமன்றம் உண்டு. ஆசியாவில் இன்றுவரை இல்லை. ஆனால் உள்நாட்டிலேயே நமக்குச் சில வழிகள் உண்டு:

• சிவகங்கை மாவட்டத்து அமராவதிபுதூர்க்காரர் ஒருவரின் உரிமை பறிபோனால், ரிட் மனுவுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம். 2004 ஜூலையில் அது திறக்கப்பட்டதிலிருந்தே அந்த மாவட்டம் அதன் எல்லைக்குள். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

• மாவட்டத்துக்கு ஓர் அமர்வு நீதிமன்றத்தை மனித உரிமை நீதிமன்றமாக அறிவிக்கலாம் என்கிறது 1993ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. அருமையான ஏற்பாடு. ஆனால் எந்தெந்தக் குற்றங்களை அது விசாரிக்கலாம் என்று சட்டம் பட்டியலிடவில்லை. இத்தனை ஆண்டுகளாகியும் தீராத பெரும் குறை இது.

• மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவரும் புகார் எழுதலாம். ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது, தாமதிக்காதீர்கள். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.