பெட்டிக்குள் வரும் படுக்கை அறை!

கல்யாணச் சீரோடு தேக்குக் கட்டிலும் பீரோவும் வண்டியில் வந்து இறங்கிய காலம் உண்டு. தெருவே கூடி வேடிக்கை பார்க்கும். இப்போது கட்டில் அட்டைப் பெட்டியில் வருகிறது. பீரோவும் அப்படித்தான். கொண்டு வந்த பையன்கள் நான்கு பெட்டிகளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

"இதில் கட்டில் எங்கேடா?" என்று பாட்டி கேட்கிறாள்.

நியாயமான கேள்வி! கட்டில் இன்னும் பிறக்கவில்லை. பலகைகள் வந்திருக்கின்றன. ஒரு பை நிறைய ஆணிகள் வந்திருக்கின்றன. எழுத்தே இல்லாமல் படமாகவே போட்ட ஒரு சிறு புத்தகமும் வந்திருக்கிறது. இவற்றைக் கட்டிலாக்க வேண்டியது வீட்டில் உள்ளவர்கள் பொறுப்பு.

இது நேற்று முளைத்த புதுமை என்று நினைக்க வேண்டாம். வியன்னாவைச் சேர்ந்த மைக்கேல் தோனெட் 1859-ல் ஒரு நாற்காலி செய்தார். ஆறு மரத் துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள், அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின! பிறகு 1956-ல் சுவீடன் நாட்டு ஐகியா நிறுவனத்தின் ஊழியர் கில்லிஸ் லுண்ட்கிரென், மேஜை ஒன்று காருக்குள் நுழையாததால் அதன் கால்களைக் கழற்றி ஏற்றினார். அந்த நிறுவனத்தின் வியாபாரமே அந்த வழியில் வளர்ந்தது. 2018-ல் ஹைதராபாத்துக்கும் வந்து கடை திறந்தது.

நம் வீட்டுத் தேக்குக் கட்டிலும் கழற்றி மாட்டுவதுதானே? தலைப் பலகை, கால் பலகை, இரண்டு பக்கச் சட்டங்கள். வீடு மாற்றும்போது ஆசாரி வந்து கழற்றித் தருவார். இப்போது அந்த ஆசாரியின் வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது. புதுமை அதுதான்!

இந்த வேலைக்குப் பெரிய பலம் வேண்டியதில்லை. வேண்டியது வரிசை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று தெரிந்தால் போதும்.

முதலில் எண்ணுங்கள்!

பெட்டியைப் பிரித்தவுடன் திருப்புளியைத் தேடக் கூடாது. ஆணிப் பைகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் கொட்டி எண்ண வேண்டும். புத்தகத்தின் முதல் பக்கங்களில் எது எத்தனை என்று படம் இருக்கும். ஒன்று குறைந்தாலும் உடனே கடைக்குச் சொல்லிவிடலாம். பாதி பீரோ நிற்கும்போது குறை தெரிந்தால், அது ஒரு வாரம் அப்படியே நடு அறையில் நிற்கும். வீட்டு அம்மாளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்!

எந்த அறையில் இருக்கப் போகிறதோ அந்த அறையிலேயே பூட்டுங்கள். கூடத்தில் இடம் தாராளமாக இருக்கிறது என்று அங்கே பூட்டிவிட்டு, வாசற்படியில் நுழையாமல் மறுபடியும் கழற்றியவர்கள் பலர். பெட்டியின் அட்டையை வீசிவிடாமல் தரையில் விரித்து, அதன்மேல் வேலை செய்யுங்கள். பலகையும் கீறாது, தரையும் கீறாது.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் படம் பார்க்க, ஒருவர் பூட்ட.

"என்னங்க, அந்தப் பலகை தலைகீழா இருக்குதே!"

"எல்லாம் எனக்குத் தெரியும்."

தெரியாது! பத்துக்கு எட்டு முறை படத்தைப் பார்த்தவர் சொல்வதே சரியாக இருக்கும். பலகையின் விளிம்பைப் பார்த்தால் தகராறு தீர்ந்துவிடும். பட்டை ஒட்டி வழுவழுப்பாக இருக்கும் விளிம்பு முன்பக்கம் வர வேண்டும். மரத்தூள் தெரியும் விளிம்பு சுவர்ப் பக்கமோ தரைப் பக்கமோ போகும்.

சக்கரப் பூட்டு

பழைய ஆசாரிகள் பார்த்திராத சாமான் ஒன்று இந்தப் பைகளில் இருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவுள்ள உலோகச் சக்கரம். இதைக் கேம் பூட்டு என்கிறார்கள். ஒரு பலகையில் தலை உள்ள ஊசியைத் திருகுகிறோம். மற்றப் பலகையின் குழியில் இந்தச் சக்கரத்தை வைக்கிறோம். ஊசித் தலை சக்கரத்தின் வாய்க்குள் போனதும் திருப்புளியால் வலப்புறம் திருப்பினால், சக்கரம் ஊசியைக் கவ்வி இழுத்துக்கொள்ளும்.

இதில் தவறுவது ஒரே இடத்தில்தான். சக்கரத்தின் வாய், ஊசி வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். பல சக்கரங்களில் அம்புக்குறியே போட்டிருக்கும். ஏறக்குறைய அரைச் சுற்றில் பிடித்துவிடும். பிடிக்கவில்லை என்றால் பலகைகள் சரியாகச் சேரவில்லை என்று பொருள். கழற்றிச் சேர்த்துவிட்டுத் திருப்ப வேண்டும். முரட்டுத்தனம் உதவாது. இது தேக்கு அல்ல. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. மரை ஒரு முறை நைந்துவிட்டால் பிறகு பிடிப்பே இருக்காது. அதனால்தான் மின்சாரத் திருப்புளியைக் கடைசி இறுக்கலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள். கைத் திருப்புளிக்கு "போதும்" என்று சொல்லத் தெரியும். மின்சாரத்துக்குத் தெரியாது.

கட்டிலுக்கும் இதே கதைதான். எல்லாத் திருகாணிகளையும் முதலில் தளர்வாக மாட்டிவிட்டு, நான்கு மூலையும் சேர்ந்த பிறகு ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். முதல் மூலையை முழுதாக இறுக்கிவிட்டால் நான்காவது மூலையில் துளை ஒட்டாது. பெரிய கட்டிலின் நடுச் சட்டத்துக்குக் கீழே ஒரு கால் இருக்கும். அது தரையைத் தொடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். தொடாமல் அந்தரத்தில் நின்றால், கட்டில் நாலு மாதத்தில் "கிரீச்" என்று பேச ஆரம்பித்துவிடும்.

மெத்தைப் பலகையைத் தூக்கினால் அடியில் சாமான் வைக்கும் "ஹைட்ராலிக்" கட்டில்களும் இப்போது அதிகம். இரு பக்கமும் உள்ள காற்று உருளைகள் மெத்தையின் கனத்தையும் கணக்கில் எடுத்துச் செய்யப்பட்டவை. மெத்தை இல்லாமல் மூடப் பார்த்தால் மூடி இறங்க மறுக்கும். விட்டால் சட்டென்று மேலே எழும். விரலும் முகமும் ஜாக்கிரதை! குழந்தைகள் ஒளிந்து விளையாட அந்தப் பெட்டி ஏற்ற இடமும் அல்ல.

அட்டைதானே என்று நினைக்காதீர்கள்

பீரோவின் முதுகுக்கு மெல்லிய பலகை ஒன்று வரும். காலண்டர் அட்டையைவிடச் சற்றுக் கனம். "இது எதற்கு?" என்று தோன்றும். தீப்பெட்டியின் உள் பெட்டியை உருவிவிட்டு வெளி உறையை மட்டும் விரலால் தள்ளிப் பாருங்கள். சாய்ந்து தட்டையாகிவிடும். முதுகு இல்லாத பீரோவும் அப்படித்தான். அந்த மெல்லிய பலகைதான் அதைச் சாயாமல் பிடித்து வைக்கிறது.

அதை ஆணி அடிக்கும் முன் ஒரு சோதனை. பீரோவின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நாடாவால் அளக்க வேண்டும். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கு இடையே அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் பெட்டி சதுரமாக இருக்கிறது. வித்தியாசம் இருந்தால், நீளமாக உள்ள மூலைகளை உள்ளே தள்ளிச் சரி செய்த பிறகே ஆணி. இதைச் செய்யாதவர்கள்தான் "கதவு மூடவில்லை, கம்பெனி ஏமாற்றிவிட்டது" என்று சொல்பவர்கள்.

படுக்க வைத்துப் பூட்டிய பீரோவை நிமிர்த்துவதிலும் ஒரு கணக்கு உண்டு. 7 அடி உயரமும் 2 அடி ஆழமும் உள்ள பீரோ நிமிரும்போது, அதன் மூலைவிட்டம் குறுக்கே வரும். 7 அடி 3½ அங்குல உயரம் வேண்டும். கூரை 10 அடி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். நம் படுக்கை அறைகளில் 7 அடியில் பரண் நீட்டிக்கொண்டிருக்கும்! பரணுக்கு வெளியே நிமிர்த்தி, பிறகு உள்ளே நகர்த்தலாம். பரணே பீரோவைவிடத் தாழ்வாக இருந்தால் எதுவும் செய்ய முடியாது. வாங்கும் முன்பே அளக்க வேண்டும்.

பையில் மிஞ்சும் பட்டை

எல்லாம் முடிந்த பிறகு பையில் ஒரு சிறிய பட்டையோ, வளைந்த இரும்புத் துண்டோ மிஞ்சும். பீரோவைச் சுவரோடு பிணைப்பதற்கானது அது. முக்கால்வாசி வீடுகளில் அது மேஜை அறைக்குள் போய்விடுகிறது. எல்லாவற்றிலும் முக்கியமான உருப்படி அதுதான்!

நம்முடைய பழைய இரும்பு பீரோவைச் சுவரில் யாரும் கட்டியதில்லை. அதன் கனம் அப்படி. இழுப்பறையும் கதவுக்கு உள்ளேதான் இருந்தது. இப்போது வருவது வேறு சரக்கு. கீழிருந்து மேல்வரை இழுப்பறைகளே உள்ள, கனம் குறைந்த அலமாரி. நான்கு அறைகளையும் ஒரே சமயத்தில் இழுத்தால் உள்ளே உள்ள துணிகளின் கனம் முழுவதும் முன்னே வந்துவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது மாடிப்படி. கீழ் அறையில் கால் வைத்து ஏறினால், அலமாரி குழந்தையின் மேலேயே சாய்கிறது. மேலே தொலைக்காட்சிப் பெட்டியும் இருந்தால் கேட்க வேண்டாம்.

அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் இறந்ததை அடுத்து, 2016 ஜூன் மாதத்தில் ஐகியா நிறுவனம் அங்கே விற்ற 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள் ஓயவில்லை. அவர்கள் போராடியதன் பலனாக 2022 டிசம்பரில் ஒரு சட்டமே வந்தது. 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ எடை வரையுள்ள குழந்தை ஏறினாலும் அலமாரி சாயாதா என்று சோதிக்க வேண்டும் என்கிறது அது.

சட்டம் அமெரிக்காவுக்கு. நம் வீட்டுக்கு அந்தப் பட்டைதான் சட்டம்.

மாட்டுவது கஷ்டமல்ல. சுவரில் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, திருகாணியை முடுக்க வேண்டும். துளை சிமென்ட் பூச்சோடு நின்றால் போதாது. செங்கல்வரை போக வேண்டும். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலோ நேர் கீழோ துளை போடக் கூடாது. மின்சாரக் கம்பி அங்கேதான் ஓடும். திருகாணியின் மறு முனை அலமாரியின் கனமான பலகையில் பதிய வேண்டும். மெல்லிய முதுகில் பதிந்தால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

"வாடகை வீடாயிற்றே, வீட்டுக்காரர் சத்தம் போடுவாரே?" என்பார்கள். போடட்டும்! காலி செய்யும் நாளில் கொஞ்சம் பட்டி பூசினால் துளை மறைந்துவிடும். குழந்தை உள்ள வீட்டில் இதற்கு யாரிடமும் தயங்க வேண்டியதில்லை. சுவரில் பிணைத்த பிறகும், கனமான சாமான்களைக் கீழ் அறைகளில் வையுங்கள். பொம்மையையும் மிட்டாய் டப்பாவையும் அலமாரியின் தலையில் வைத்து ஆசை காட்டாதீர்கள்.

இன்னும் ஒன்று. மரத்தூள் பலகைக்குத் தண்ணீர் ஆகாது. ஈரத் துணியால் தரை துடைக்கும்போது அடிப் பலகை நனைந்தால் ரொட்டிபோல உப்பிவிடும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரோரம் இந்தப் பீரோவுக்கு இடமல்ல. வீடு மாற்றக் கழற்றினால் ஆணிகளை ஒரு பையில் போட்டு, படப் புத்தகத்தோடு சேர்த்து ஒரு பலகையிலேயே கட்டிவிடுங்கள். சுவரில் மாட்டிய பட்டையும் அதே பையில் வரட்டும். புது வீட்டில் முதலில் தேட வேண்டிய சாமான் அதுதான்.