எட்டாம் வகுப்பிலேயே வீட்டுக்குத் தெரிய வேண்டியவை

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கென்று ஒரு தேர்வு உண்டு. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு என்று நீளமான பெயர். பள்ளிக்கூடத்தில் என்எம்எம்எஸ் என்றால்தான் தெரியும். அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படிக்கிற, குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாயைத் தாண்டாத பிள்ளைகள் எழுதலாம். தேர்வாகிவிட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் 48,000 ரூபாய் கிடைக்கும். கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. ஆனால் இதற்கு வருமானச் சான்று வேண்டும், பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். பணம் வரத் தொடங்கிய பிறகும் ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். கடைசி நாளுக்கு முந்தைய நாள் மாலை, புத்தகப் பையைக் கீழே போட்டபடி “சார் ஏதோ ஃபாரம் கேட்டாரு” என்று பையன் சொன்னால், அம்மாவால் இ-சேவை மையத்தின் வாசலுக்குத்தான் போக முடியும். சான்று கைக்கு வந்துவிடாது.

பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகிற செய்திக்கு ஒரே ஓர் அளவுகோல் போதும் என்று நினைக்கிறேன். அதைப் படித்த பெற்றோர் ஏதாவது செய்ய முடியுமா, செய்வதற்கு நாள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இப்படிப் பார்த்தால், உயர்நிலைப் பள்ளிகளின் வாட்ஸ்ஆப் குழுக்களில் வந்து விழுகிற ஆண்டு விழாப் படங்கள், பொன்னாடை போர்த்தும் படங்கள், நாலு பக்கச் சுற்றறிக்கையின் மங்கலான புகைப்படம் எல்லாம் செய்திக் கணக்கில் சேராது. அவை இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் தொந்தரவில்லை. அவற்றுக்கு நடுவே, “அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைத் தேர்வு, 25 மதிப்பெண்” என்கிற ஒற்றை வரி மூழ்கிப்போவதுதான் கவலை. அன்றைக்கு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போய்விட்டால் அந்த மதிப்பெண் போனது போனதுதான்.

வேறு சில செய்திகளுக்கு நாள் கணக்கு பத்தாது, ஆண்டுக் கணக்கில் முன்கூட்டித் தெரிய வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் தொடங்கின. மூன்றுக்கும் பொதுவான அடிப்படை, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. (உதவித்தொகைத் திட்டங்கள் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களுக்கும் உண்டு.) எட்டு முடிந்ததும், அல்லது பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்ததும், கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்று துடிக்கிற பெற்றோருக்கு இதைச் சொல்லவேண்டிய நேரம் மாற்றுச் சான்றிதழை (டிசி) வாங்குவதற்கு முன்புதான். சொன்ன பிறகும் அவர்கள் சேர்க்கலாம், அது அவர்கள் விருப்பம். தெரியாமல் சேர்ப்பது வேறு.

குறிப்பிட்ட செய்தி சரியான நேரத்தில் போனால் பலன் உண்டு என்பதற்குப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் சாட்சி. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 22 நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில், பிள்ளை வகுப்புக்கு வராததையும் வீட்டுப்பாடம் முடிக்காததையும் மதிப்பெண் சரிந்ததையும் பெற்றோருக்குத் தானாகவே குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்தார்கள். பாடங்களில் தோல்வி 28 சதவீதம் குறைந்தது, வகுப்பு வருகை 12 சதவீதம் கூடியது. மாநிலப் பொதுத் தேர்வு மதிப்பெண் மட்டும் அசையவில்லை. இங்கிலாந்தில் 36 மேல்நிலைப் பள்ளிகளில் நடந்த சோதனையில் வரப்போகும் தேர்வின் தேதி, விடுபட்ட வீட்டுப்பாடம், இந்த வாரம் நடத்திய பாடம் ஆகியவை பெற்றோர் கைபேசிக்குப் போயின. கணிதத்தில் ஏறக்குறைய ஒரு மாதப் படிப்புக்குச் சமமான முன்னேற்றம் தெரிந்தது, பள்ளிக்கு வராமல் இருப்பதும் குறைந்தது. ஒரு குறுஞ்செய்தி பிள்ளையை மேதையாக்கிவிடாது. ஆனால் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு கிடைக்கிற வேறு கல்வித் திட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நேர்மாறான சான்றும் நம் நாட்டிலேயே இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களும் கிராமக் கல்விக் குழுக்களைப் பற்றி ஆராய்ந்தார்கள். அப்படி ஒரு குழு இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியவில்லை. குழு உறுப்பினர்களிலேயே சிலருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பது தெரியவில்லை. ஊர்க்கூட்டம் போட்டு, குழுவின் அதிகாரம் என்ன, பள்ளியின் நிலை என்ன என்று விளக்கினார்கள். பெற்றோரின் ஈடுபாடும் ஆசிரியரின் உழைப்பும் பிள்ளைகளின் படிப்பும் இருந்த இடத்திலேயே இருந்தன. 2010இல் வெளியான அந்த ஆய்வு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது என்றாலும், பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் படிக்க வேண்டியது. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பங்கு பெண்கள். கழிவறைக்குக் கதவு போடவும் காலிப் பணியிடத்தைக் கேட்கவும் குழு வேண்டும், சந்தேகமில்லை. தன் மகள் அல்ஜீப்ராவில் தடுமாறுகிறாள் என்பதை ஒரு தாய்க்குக் குழு சொல்லாது.

ஆசிரியர்கள் தரப்பிலிருந்து வரும் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவேற்றியே பாதிப் பொழுது போகிறது, இதில் வீட்டுக்கு வீடு செய்தி வேறா என்பார்கள். பதில் அந்த எமிஸிலேயே இருக்கிறது. மாணவர் வருகை தினமும் செயலியில் ஏறுகிறது. ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் இருக்கிறது. பொதுத்தேர்வு முடிவு பெற்றோர் கைபேசிக்கே குறுஞ்செய்தியாக வருகிறது. காலை பத்து மணிக்குள் சென்னைக்குப் போய்ச் சேரக்கூடிய தகவல் இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு எல்லாப் பள்ளிகளிலும் அதே வேகத்தில் போவதில்லை. மேலே போகும் தகவலை வீட்டுப் பக்கம் திருப்பிவிட வேண்டியது இயந்திரத்தின் வேலை, ஆசிரியருக்குப் புதுச் சுமை அல்ல. அவர் கையால் எழுத வேண்டியது மிகக் குறைவுதான். அமெரிக்காவில் மாத்யூ கிராஃப்ட், டாட் ரோஜர்ஸ் இருவரும் தவறிய பாடத்தைத் திரும்பப் படிக்கும் கோடைகால மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். வாரம் ஒரே ஒரு வரி ஆசிரியரிடமிருந்து வீட்டுக்குப் போனது. தேறாமல் நின்றவர்களின் விகிதம் 41 சதவீதம் குறைந்தது. பாராட்டு வரியைவிட, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொன்ன வரிக்கே பலன் கூடுதல்.

என் வாதத்தைக் கொஞ்சம் சீவிவிடுகிற ஆய்வும் ஒன்று உண்டு. பிரேசிலின் சாவோ பாலோவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்கு, பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்று சொல்லாமல், பள்ளிக்கு ஒழுங்காக வருவது முக்கியம் என்று மட்டும் வாராவாரம் நினைவூட்டியபோதும் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. அப்படியானால் விவரம் தேவையில்லையா? வருகை விஷயத்தில் பொதுவான நினைவூட்டலே ஓரளவு போதும் என்று ஒப்புக்கொள்ளலாம். வருமானச் சான்றுக்கும் துணைத் தேர்வு விண்ணப்பத்துக்கும் தேதி சொல்லாமல் முடியாது.

இதைவிடக் கனமான எதிர்ப்பு அடி பற்றியது. பையன் மூன்று நாள் மட்டம் போட்டான் என்று தெரிந்தால் சில வீடுகளில் பெல்ட்தான் பேசும். பெண் பிள்ளை என்றால் படிப்பையே நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கும் வீடும் உண்டு. இந்தப் பயம் பொய்யில்லை. அதற்காகச் செய்தியை நிறுத்துவதைவிட, வார்த்தையைக் கவனித்து எழுதுவது மேல். “உங்கள் மகன் பள்ளிக்கு வருவதில்லை” என்பது குற்றப்பத்திரிகை. “கார்த்திகா திங்கள் முதல் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையா? விடுபட்ட பாடத்தை வெள்ளிக்கிழமை மாலை சொல்லித்தருகிறோம், அனுப்பி வையுங்கள்” என்பதில் கேள்வியும் இருக்கிறது, வழியும் இருக்கிறது. (பெயர் கற்பனை.) அதேபோல, ஒரு பிள்ளையின் மதிப்பெண் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும்தான் போக வேண்டும். பொதுத்தேர்வில் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழ்நாடு 2017இலேயே நிறுத்திவிட்டது. அறுபது பெற்றோர் இருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் வகுப்பின் காலாண்டு மதிப்பெண்ணை வரிசையாகப் போடுவது அந்த முடிவைப் பின்வாசல் வழியாக மாற்றுவதாகும்.

பதிவேட்டில் இருக்கும் எண் யாருடையது என்பதும் பெரிய கேள்வி. பல வீடுகளில் அது அப்பாவின் எண். அவர் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். பிள்ளையைத் தினமும் எழுப்பி அனுப்புவது அம்மாவாகவோ பாட்டியாகவோ இருக்கும், அவர்கள் கையில் பட்டன் போன். சேரும்போது கொடுத்த எண் இலவசச் சிம்மோடு போயிருக்கும். இதற்குத் தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை. ஜூன் மாதம் வகுப்பாசிரியர் இரண்டு எண் வாங்கலாம், இரண்டில் ஒன்று பிள்ளையோடு ஒரே வீட்டில் தூங்குகிறவருடையதாக இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் அரை நிமிடக் குரல் செய்தியோ ஒரு போன் அழைப்போ போதும். விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்குக் காப்பாளர் எண்ணும் சேர வேண்டும், ஊரில் இருக்கும் பெற்றோர் எண்ணும் சேர வேண்டும். மேலாண்மைக் குழுவுக்கும் இதில் வேலை உண்டு: காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒருமுறை பட்டியலை எடுத்து ஒவ்வோர் எண்ணுக்கும் அடித்துப் பார்த்து, செத்துப்போன எண்களுக்குப் பதில் புதிய எண்ணைத் தெருவுக்குத் தெரு கேட்டு வாங்கி வருவது.