மீன் தொட்டியும் ஓர் அமானிதம்



பெருநாளுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது மீன் தொட்டியையும் கழுவுகிறோம். பழைய தண்ணீரைக் கொட்டி, கல்லையும் ஸ்பாஞ்சையும் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்புகிறோம். தொட்டி பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ஓரிரு நாளில் மீன்கள் செத்து மிதக்கின்றன, பிள்ளைகள் அழுகிறார்கள். நல்ல தண்ணீர்தானே ஊற்றினோம்?

மீனின் கழிவும், மிஞ்சிய தீனியும், அழுகிய செடியிலையும் தண்ணீரில் கரைகின்றன. அவற்றை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது ஆக்சிஜன் செலவாகிறது; அம்மோனியா வெளிவருகிறது. அது மீனுக்கு விஷம். ஏரியில் சாக்கடை கலந்தால் மீன்கள் சாவதும் இப்படித்தான்.

தொட்டியில் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செடிகள் அதை உரமாக எடுத்துக்கொள்கின்றன. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகலாம். குளோரின் கலந்த தண்ணீரில் ஸ்பாஞ்சைத் தேய்த்தால் அவை அழிந்துவிடும்.

பல மாதம் தண்ணீர் மாற்றாத தொட்டியில் அமிலத்தன்மை கூடும். அப்போது அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாக இருக்கும். காரத்தன்மையுள்ள போர் தண்ணீரைத் திடீரென்று பாதியளவு ஊற்றினால், அதுவே மீண்டும் விஷமாகும்.

உளூ செய்யும் தண்ணீரை நிறம், சுவை, வாடை கொண்டு அறிகிறோம். மீன் தொட்டிக்கு அது போதாது. மரக்கட்டை, பாதாம் இலையால் வரும் மஞ்சள் நிறம் பொதுவாக மீனைக் கொல்வதில்லை. அம்மோனியாவுக்கோ நிறமே இல்லை.

செய்ய வேண்டியவை:

1. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் ஆன்டி குளோரின் சொட்டுகள் விட்ட பிறகே ஊற்றுங்கள்.

2. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை அலசுங்கள். மீதியைச் சாக்கடையில் விடாமல் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுங்கள்; வீண்விரயம் இல்லை.

3. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள். அழுகிய இலைகளைக் கிள்ளி எடுங்கள்.

4. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. இரவில் செடிகளும் அதை எடுத்துக்கொள்ளும். கோடை இரவுகளில் ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள்.

5. வேண்டாத மீன்களைச் செம்பாக்கம், சிட்லப்பாக்கம் ஏரிகளில் விடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' தென் அமெரிக்க மீன். பெருகினால் நம் நாட்டு மீன்களுக்கு இடமிருக்காது.

ஒரு பூனையை அடைத்துவைத்து, உணவும் தராமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). தொட்டி மீனும் நாம் அடைத்துவைத்த உயிர்தான். அதன் பொறுப்பை உணர்ந்து நடக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.